2024-25 ஆண்டறிக்கை: லேபிள் மாற்றிய ஆண்டு

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை கோவையில் நம் ஆர்க்கிட் வளர்ப்போர் சங்கம் என்ன செய்தது, எதைச் செய்யாமல் விட்டது என்பதை இந்த அறிக்கையில் வைக்கிறேன்.

வழக்கமான விவரங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆண்டுத் தொடக்கத்தில் 58 பேர் இருந்தோம், இப்போது 63 பேர். மாதக் கூட்டம் பதினொன்று நடந்தது. நவம்பரில் மழை விடவில்லை, அதனால் ஒன்று போயிற்று. செயற்குழு நான்கு முறை கூடியது. சண்டை இல்லாமல் முடிந்தது அதில் ஒன்றுதான். மற்ற மூன்றிலும் நடந்த சண்டை ஒரே சண்டை. இந்த அறிக்கையில் பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

ஜூலைக் கண்காட்சியில் அது தொடங்கியது. போட்டிப் பிரிவுகளின் பட்டியலை அச்சடித்தவன் நான். நாலைந்து வருடத்துக்கு முந்தைய பட்டியலை எடுத்து, தேதியை மட்டும் மாற்றி, கடைக்குக் கொடுத்துவிட்டேன். அதில் மூன்றாம் பிரிவு 'வாண்டா', நான்காம் பிரிவு 'அஸ்கோசெண்டா'. நம் உறுப்பினர்கள் இருவர், ஒரே நர்சரியில், ஒரே நாளில், ஒரே தாய்ச்செடியிலிருந்து வந்த செடியை ஆளுக்கொன்றாக வாங்கியவர்கள். ஆரஞ்சு நிறத்தில் சின்னச் சின்னப் பூ. வடவள்ளி உறுப்பினர் தன் செடியை அஸ்கோசெண்டா பிரிவில் வைத்தார். அங்கே போட்டிக்கு இருந்ததே இரண்டு செடி, முதல் பரிசு வாங்கிவிட்டார். பீளமேட்டு அம்மா வாண்டா பிரிவில் வைத்தார். அங்கே உள்ளங்கை அகலத்துக்குப் பூத்த ஒன்பது செடிகளுக்கு நடுவே அவருடைய செடியை நடுவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாலையில் இரண்டு தொட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, "செயலாளர் தம்பி, இதுல எது என்ன செடின்னு நீங்களே சொல்லுங்க" என்றார்.

சொல்ல எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்குப் போய்ப் படித்த பிறகுதான் தெரிந்தது: பரிசு வாங்கியவர் வைத்த பிரிவே இப்போது இல்லை.

விஷயம் இதுதான். அஸ்கோசென்ட்ரம் என்று ஒரு பேரினம் இருந்தது. குட்டையான செடி, சின்னப் பூ, கொத்தாகப் பூக்கும். அதையும் வாண்டாவையும் கலந்தால் வருவதற்கு அஸ்கோசெண்டா என்று பெயர். பின்னால் டிஎன்ஏவை வைத்துப் பார்த்தபோது, அஸ்கோசென்ட்ரம் வாண்டாவுக்கு வெளியே தனியாக நிற்கவில்லை, வாண்டா என்னும் கிளைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்தது. 2012-ல் அதை வாண்டாவோடு சேர்த்துவிட்டார்கள். ஜப்பான்காரர்கள் நூற்றாண்டுக் கணக்கில் சீராட்டி வளர்த்த நியோஃபினேசியாவும் அப்படியே வாண்டா ஆனது. அஸ்கோசென்ட்ரம் இல்லை என்றால் அஸ்கோசெண்டா எங்கிருந்து வரும்? அதுவும் வாண்டாதான். நான் 2024-ல் அச்சடித்த பட்டியல் ஒரு டஜன் வருடம் பழையது. தவறு என்னுடையது, இதை அன்றே ஒப்புக்கொண்டேன். பீளமேட்டு அம்மாவுக்குச் சங்கத்தின் சார்பில் ஒரு சிறப்புப் பரிசு கொடுத்தோம். அவர் அதை வாங்கிக்கொண்டார், ஆனால் சிரிக்கவில்லை.

இதற்குப் பிறகுதான் எல்லா உறுப்பினர் வீட்டிலும் லேபிள்களைச் சரிபார்ப்பது என்று ஆகஸ்டு செயற்குழுவில் முடிவானது. எதிர்ப்பும் அங்கேயே கிளம்பியது. நம் மூத்த உறுப்பினர் ஒருவர், "நாற்பது வருஷமா டோரிட்டிஸ்னு கூப்பிட்டுட்டு வர்றேன். செடிக்கே பழகிப்போச்சு. இப்ப வந்து பெலனாப்சிஸ்னு கூப்பிட்டா அது பூக்குமா?" என்று கேட்டார். கைதட்டல் அவருக்குத்தான். கேட்லியா வளர்ப்பவர்களுக்கு இன்னும் கோபம். பிரேசிலில் விளையும் லேலியா புர்புரேட்டா என்ற செடியை 2000-ல் சோஃப்ரோனிட்டிஸ் ஆக்கினார்கள், 2008-ல் கேட்லியா ஆக்கினார்கள். எட்டு வருடத்தில் இரண்டு லேபிள். 'பிஎல்சி' (பிராசவோலா, லேலியா, கேட்லியா மூன்றும் கலந்தது என்பதன் சுருக்கம்) என்று எழுதியிருந்த கலப்பினத் தொட்டிகளில் பெரும்பாலானவை இப்போது 'ஆர்எல்சி'. அந்த முதல் எழுத்து பிராசவோலாவைக் குறித்தது. ஆனால் கலப்புக்குப் பயன்பட்ட, உதட்டில் ஜாலர் வைத்த அந்தச் செடி பிராசவோலாவே இல்லை, ரின்கோலேலியா. அதனால் அதன் பேரன் பேத்திகளுக்கெல்லாம் எழுத்து மாறியது.

இந்தக் கோபத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு விஷயத்தைச் செப்டம்பர் கூட்டத்தில் சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன். ஆர்க்கிட் பெயரில் இரண்டு பாகம். முன்னால் வருவது பேரினம், பின்னால் வருவது சிற்றினம். நம் ஊர்க் கணக்கில் முன்னால் வருவது இனிஷியல். இன்னார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லும் எழுத்து. செடிக்கு மாறுவது பெரும்பாலும் இந்த இனிஷியல்தான். சொந்தப் பெயர் அப்படியே கூடவே போகிறது. நாம் படிக்க வேண்டியது அந்த இரண்டாம் பெயரை.

இதற்கு நம் பக்கத்துச் செடி ஒன்றே உதாரணம். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வெயில் காயும் புதர்களில் ஏறிப் படரும் மஞ்சள் பூச் செடி. கொச்சியில் டச்சுக்காரர்களின் ஆளுநராக இருந்த வான் ரீட் தொகுத்து, ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு பாகமாக வெளிவந்த ஹோர்ட்டஸ் மலபாரிகஸ் என்ற செடிநூலில் இதற்குப் பொன்னாம்பு மரவாரா என்று பெயர். மரவாரா என்பது மரத்தில் தொற்றி வளரும் ஆர்க்கிட்டுகளுக்கு மலையாளத்துப் பெயர். 1753-ல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் அந்த நூலில் இருந்த படத்தைப் பார்த்துத்தான் இதற்கு எபிடெண்ட்ரம் ஸ்பாத்துலேட்டம் என்று பெயர் வைத்தார். அவர் காலத்தில் மரத்தில் தொற்றும் ஆர்க்கிட் என்றாலே எபிடெண்ட்ரம்தான், ஒரே சாக்கில் எல்லாம். பிறகு அது வாண்டா ஸ்பாத்துலேட்டா ஆனது. 1992-ல் தனிப் பேரினமாகப் பிரித்து, இலங்கைக்குக் கிரேக்கர்கள் வைத்த பழைய பெயரிலிருந்து டாப்ரோபேனியா என்று பெயரிட்டார்கள். எபிடெண்ட்ரம், வாண்டா, டாப்ரோபேனியா என்று வீடு மாறிக்கொண்டே இருந்தது. ஸ்பாத்துலேட்டா என்ற சொந்தப் பெயர் 270 வருடமாகக் கூடவே வருகிறது, வால் மட்டும் கொஞ்சம் வளைந்திருக்கிறது.

வாண்டா என்ற சொல்லே நம் நாட்டுச் சொல்தான். சமஸ்கிருதத்தில் மரத்தின்மேல் வளரும் செடிக்கு இருந்த பெயரை வில்லியம் ஜோன்ஸ் கல்கத்தாவிலிருந்து எடுத்து எழுதினார். வேலியோரப் பழைய மரங்களில், கட்டம் கட்டமான பழுப்புப் பூவோடு தொற்றி நிற்கிறதே, வாண்டா டெசலேட்டா, அதைப் பார்த்திருக்காதவர்கள் இங்கே யாரும் இருக்கமாட்டீர்கள். அதை ஒட்டுண்ணி என்று சொல்லி மரத்திலிருந்து பிய்த்துப் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மரத்தை அது உறிஞ்சுவதில்லை. உட்கார இடம் மட்டும் கேட்கிறது.

"பேர் மாறினா நமக்கென்ன லாபம்?" என்ற கேள்விக்கு வருகிறேன். சில சமயம் லாபம் உண்டு. சிங்கப்பூரின் தேசிய மலரான வாண்டா மிஸ் ஜோக்கிம் நம்மில் பத்துப் பேர் வீட்டு மாடியில் இருக்கிறது. அர்மீனியக் குடும்பத்தைச் சேர்ந்த ஆக்னஸ் ஜோக்கிமின் தோட்டத்தில் பூத்தது. சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்தின் ரிட்லி 1893-ல் அதை விவரித்து எழுதினார். 1981 ஏப்ரலில் தேசிய மலர் ஆனது. அதன் தாய் தகப்பன் இரண்டுக்கும் இலை பென்சில் போல உருண்டை. அந்த உருண்டை இலைக் கூட்டத்தை இப்போது பாப்பிலியோனாந்தி என்று தனியாக வைத்திருக்கிறார்கள். ஆக, இன்று அது பாப்பிலியோனாந்தி மிஸ் ஜோக்கிம். நம்மில் பலர் 'வாண்டா' என்று லேபிளில் இருந்ததால் மற்ற வாண்டாக்களோடு பச்சை வலைக்குள் தொங்கவிட்டு, பூக்கவே இல்லை என்று புலம்பினோம். அதற்கு முழு வெயில் வேண்டும், ஏற ஒரு கம்பம் வேண்டும். கோவை ராமநாதபுரத்து உறுப்பினர் ஒருவர் லேபிளை மாற்றிய கையோடு தொட்டியையும் வலைக்கு வெளியே எடுத்து வைத்தார். மார்ச்சில் பூத்தது.

எல்லாப் பெயரும் இப்படி உதவும் என்று நம்பிவிட வேண்டாம். டெண்ட்ரோபியம் ஒரே பேரினம், சிற்றினம் ஆயிரத்தைந்நூறுக்கு மேல். இமயமலை நோபிலே வகைக்குப் பனிக்காலத்தில் தண்ணீரைக் குறைத்துக் காயப்போட வேண்டும். நாம் எல்லோரும் வைத்திருக்கும் சோனியா வகையைக் காயப்போட்டால் அது செத்துப்போகும். இரண்டு லேபிளிலும் முதல் சொல் ஒன்றுதான். சோனியாவைக் காயப்போட்டவர் யார் என்று இங்கே சொல்லப்போவதில்லை, அவர் முன்வரிசையில் இருக்கிறார்.

அக்டோபரில் பூவை அறுத்துப் பார்க்கும் வகுப்பு வைத்தோம். இந்த ஆண்டு நடந்ததிலேயே எனக்குப் பிடித்தது அதுதான். ஆளுக்கு ஒரு டெண்ட்ரோபியம் பூ, ஒரு பிளேடு, ஒரு லென்ஸ். வெளியே மூன்று புல்லி இதழ், உள்ளே மூன்று அல்லி இதழ், அதில் ஒன்று மட்டும் வேஷம் மாறி உதடாகி நிற்கிறது. நடுவில் ஆணும் பெண்ணும் ஒட்டிப்போய் ஒரே தூண். தூணின் நுனித் தொப்பியைப் பல்குச்சியால் தூக்கினால் மகரந்தம் தூளாகக் கொட்டாது, மஞ்சள் உருண்டையாகத் திரண்டு குச்சியிலேயே ஒட்டிக்கொண்டு வரும். அந்த உருண்டை வெளியே வந்தபோது எழுந்த சத்தத்தைக் கேட்டு மண்டபத்துக் காவலாளி எட்டிப் பார்த்தார். இன்னொன்று, மொட்டாக இருக்கும்போது உதடு மேலே இருக்கும். மலர்வதற்குள் காம்பு அரைச் சுற்று முறுக்கிக்கொண்டு அதைக் கீழே கொண்டுவந்து விடும், வண்டு வந்து இறங்க வசதியாக. காம்பில் அந்த முறுக்கை எல்லோரும் விரலால் தடவிப் பார்த்தோம்.

ஆர்க்கிட் குடும்பத்தை ஐந்து துணைக்குடும்பமாகப் பிரித்திருக்கிறார்கள். 2015-ல் வந்த பட்டியலில் பேரினம் மட்டும் 736. ஐந்தில் முதலாவது அப்போஸ்டேசியா கூட்டம், பூவைப் பார்த்தால் ஆர்க்கிட் என்றே சொல்லமாட்டீர்கள். அடுத்தது வனிலா. விலை ஏறிய நாட்களில் நம்மில் இருவர் வனிலாக் கொடி நட்டுக் கையைச் சுட்டுக்கொண்ட கதையை அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். தினமும் விடிகாலையில் ஒவ்வொரு பூவாகக் குச்சியால் மகரந்தம் சேர்க்க வேண்டும். அந்தக் கைவேலையை 1841-ல் ரீயூனியன் தீவில் கண்டுபிடித்த எட்மண்ட் அல்பியஸ் அப்போது 12 வயது அடிமைச் சிறுவன். மூன்றாவது, செருப்பு ஆர்க்கிட்டுகள். தென்னிந்தியாவில் இயற்கையாக இருப்பது ஒன்றே ஒன்று, அகத்தியமலையின் பாஃபியோபெடிலம் துரூரியை. மஞ்சள் செருப்பு. ஆள் வைத்துப் பிடுங்கியே காட்டில் அதை அருகிப்போகச் செய்துவிட்டார்கள். நான்காவது பெரும்பாலும் தரையில் வளர்வது, மழைக்காலத்தில் மலைப் புல்வெளிகளில் வெள்ளையாகப் பூக்கும் ஹாபனேரியா அதில்தான். ஐந்தாவதுதான் எல்லாவற்றிலும் பெரியது. நம் வலைக்கூடாரங்களில் தொங்கும் வாண்டா, டெண்ட்ரோபியம், கேட்லியா, ஆன்சிடியம், பெலனாப்சிஸ் எல்லாம் அந்த ஒரே கூட்டம். நாம் ஆர்க்கிட் வளர்ப்போர் சங்கம் என்று பெயர் வைத்திருந்தாலும் வளர்ப்பது ஐந்தில் ஒன்றைத்தான்.

டிசம்பரில் ராபர்ட் வைட் பற்றிப் பேசினோம். 1842 முதல் பத்தாண்டுக்கு மேல் பருத்திச் சோதனைக்காக நம் கோயம்புத்தூரில் இருந்த ஸ்காட்லாந்து மருத்துவர், செடிப் பைத்தியம். ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு இந்திய ஓவியர்கள் அவருக்காகச் செடிகளை வரைந்தார்கள். கோவிந்துவைக் கௌரவிக்க வைட் ஓர் ஆர்க்கிட்டுக்குக் கோவிந்தூவியா என்று பேரினப் பெயரே வைத்தார், 1853-ல். லத்தீனில் ஒரு கோவிந்து! ஆனால் அந்தச் செடி ஏற்கெனவே 1833-ல் ஆங்கிலேயத் தாவரவியலாளர் லிண்ட்லி பெயரிட்டிருந்த டிராபிடியாதான் என்று தெரியவந்தது. முந்திய பெயருக்கே உரிமை என்பது விதி. கோவிந்தூவியா இப்போது மாற்றுப்பெயர்ப் பட்டியலில் ஒரு வரி. அதே வைட், மதராஸ் பொறியாளர் படையைச் சேர்ந்த ஃபிரெடரிக் காட்டன் பெயரில் வைத்த காட்டோனியா இன்றும் செல்லும். (அணை கட்டிய ஆர்தர் காட்டன் இல்லை, அவர் தம்பி.) விதி யாருக்கும் பாரபட்சம் பார்ப்பதில்லை, எனக்குத் தெரியும். இருந்தாலும் அன்று ராத்திரி எனக்கு மனசு ஆறவில்லை. டிராபிடியா யாரிடமாவது இருந்தால் அந்த லேபிளின் பின்பக்கத்தில் கோவிந்து பெயரை எழுதிவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இது தீர்மானம் இல்லை, செயலாளரின் சொந்த வேண்டுகோள்.

ஜனவரியில் ஏற்காடு பயணம். 26 பேர், ஒரு வேன், ஒரு கார். இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தேசிய ஆர்க்கிட் தோட்டத்தில் பாதி நாள் இருந்தோம். செடியைவிட லேபிளைப் படம் எடுத்தவர்கள்தான் அதிகம், அவ்வளவு தூரம் இந்த வியாதி பரவியிருந்தது. திரும்பும் வழியில் டீ குடிக்க நிறுத்திய இடத்தில், மரத்திலிருந்து ஒரு கொத்தைப் பறிக்கக் கை நீட்டிய புது உறுப்பினரைப் பத்துப் பேர் ஒரே நேரத்தில் அதட்டினார்கள். அவர் பயந்துபோய்விட்டார். அதட்டிய விதம் தப்பு, அதட்டியது சரி. காட்டுச் செடியைப் பிடுங்குவது சட்டப்படி மாட்டிக்கொள்ளும் வேலை. அதோடு, பிடுங்கி வந்த செடி நம் சமவெளிச் சூட்டில் பெரும்பாலும் பிழைப்பதும் இல்லை.

இழப்புகள். இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் 'நீல வாண்டா' என்று சொல்லி எட்டுப் பேர் சேர்ந்து செடி வாங்கினோம். பூத்தபோது ஒன்றுகூட நீலமில்லை. படத்தில் இருந்த நீலம் கணினியில் போட்டது. பணம் திரும்பவில்லை. ஏப்ரல் வெயிலில் மின்சாரம் நின்று பம்ப் ஓடாமல் பொதுக்கூடாரத்தில் முப்பது தொட்டிக்கு மேல் வாடிப்போயின. ஆறு பிளாஸ்க் நாற்று (குடுவைக்குள் விதையிலிருந்து முளைக்க வைத்தது) வாங்கியதில் நான்கு பூஞ்சை பிடித்துப் போயிற்று. ஆர்க்கிட் விதையில் சேமிப்பு உணவு கிட்டத்தட்ட கிடையாது. காட்டில் ஒரு பூஞ்சை வந்து ஊட்டினால்தான் முளைக்கும். 1922-ல் அமெரிக்காவில் நட்சன் சர்க்கரை கலந்த ஊடகத்தில் பூஞ்சை இல்லாமலே முளைக்க வைத்துக் காட்டினார், அதனால்தான் இன்று நமக்கு பிளாஸ்க் கிடைக்கிறது. பூஞ்சையே வேண்டாம் என்று கண்டுபிடித்த வழியில் பூஞ்சை வந்து கெடுத்தது. மீதி இரண்டு பிளாஸ்கிலிருந்து 41 நாற்று பிழைத்திருக்கின்றன. கூட்டம் முடிந்ததும் குலுக்கல் முறையில் பிரித்துக் கொடுக்கப்படும்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாகப் படிப்பார். லேபிள் வாங்கிய செலவு அதில் பெரிய வரியாகத் தெரியும், யாரும் பதற வேண்டாம்.

கணக்கெடுப்பின் முடிவு: உறுப்பினர் வீடுகளில் லேபிளே இல்லாத, அல்லது படிக்க முடியாத தொட்டிகள் பாதிக்கு மேல். இதைவிட மோசம், லேபிள் இல்லாத செடிக்குத் தோற்றத்தைப் பார்த்து ஊகத்தில் பெயர் எழுதியவர்கள். கலப்பினத்தில் இது கூடவே கூடாது. 1906-ல் ஆர்க்கிட் வியாபாரி சாண்டர் தொடங்கிய கலப்பினப் பட்டியல் 1961-லிருந்து லண்டனில் அரச தோட்டக்கலைச் சங்கத்தின் கையில் இருக்கிறது. அதில் பதிவான பெயர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். ஒரே மாதிரி ஊதாப் பூ நூறு பெற்றோருக்குப் பிறக்கும். பூவைப் பார்த்துப் பரம்பரை சொல்ல நம்மில் யாராலும் முடியாது, நடுவராலும் முடியாது.

எனவே மார்ச் செயற்குழு, கடைசியில் எல்லோரும் சம்மதித்து, முன்வைக்கும் தீர்மானங்கள் இவை. லேபிளின் முன்பக்கம் இன்றைய பெயர், பின்பக்கம் வாங்கியபோது இருந்த பெயர், வாங்கிய தேதி. பழைய லேபிளைத் தூக்கி எறியக்கூடாது, தொட்டிக்குள் சொருகி வைக்க வேண்டும். பெயர் தெரியாத செடிக்குப் 'பெயர் தெரியாது' என்றே எழுத வேண்டும். கண்காட்சியில் அவற்றுக்குத் தனிப் பிரிவு உண்டு, பரிசுத் தொகையும் சமம். வாண்டாவில் பேரினத்தை வைத்துப் பிரிக்காமல் பூவின் அளவை வைத்துப் பெருமலர், சிறுமலர் என்று இரண்டு பிரிவு. அளவுகோலை நடுவர் கொண்டுவருவார். டோரிட்டிஸ் என்று பேச்சில் சொல்ல மூத்த உறுப்பினருக்கு மட்டும் நிரந்தர அனுமதி.

கண்காட்சிக்கு மண்டபம் கொடுத்தவர்களுக்கும், தொட்டி சுமந்த இளைஞர்களுக்கும், வகுப்புக்குப் பூ கொடுத்த அம்மாக்களுக்கும் நன்றி. பீளமேட்டு அம்மா வரும் ஆண்டுக்குக் கண்காட்சிக் குழுத் தலைவராக இருக்கச் சம்மதித்திருக்கிறார். பட்டியலை இனி அவர்தான் அச்சுக்குக் கொடுப்பார்.

அடுத்த கூட்டம் மே இரண்டாம் ஞாயிறு, காலை பத்து மணி. தொட்டி மாற்றும் செயல்முறை இருக்கிறது. கரியும் ஓட்டுச்சில்லும் சங்கம் தரும், பழைய செய்தித்தாளும் ஒரு பென்சிலும் கொண்டுவாருங்கள். மார்க்கர் பேனா வேண்டாம். ஒரு கோடை வெயிலுக்குள் மங்கிவிடும், பென்சில் எழுத்து நிற்கும்.